வெள்ளி நானோ பூச்சும் ராமன் சிதறலும்: வடசென்னையில் இதை வைத்து எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்க முடியாது?

வண்ணாரப்பேட்டை டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். இந்த ஆண்டு இறுதியாண்டுப் பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு, வெள்ளி நானோ துகள் பூசிய வடிதாளில் ரசாயனங்களைக் கண்டுபிடிக்கும் முறையை எடுக்கலாம் என்று இருக்கிறேன். துறையில் செர்ஸ் என்று சொல்வார்கள். உலோகப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறின் ராமன் சிதறல் லட்சக்கணக்கான மடங்கு பெருகும், அதை வைத்து மிகக் குறைந்த அளவையும் அடையாளம் காணலாம் என்பதுதான் இதன் அடிப்படை.

எங்கள் பிள்ளைகளில் பலர் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடி வீடுகளிலிருந்து வருகிறார்கள். ப்ராஜெக்ட் என்றதுமே மீனில் பார்மலின் பார்க்கலாமா, ஆற்றுத் தண்ணீரில் எண்ணெய் பார்க்கலாமா, காற்றில் அமோனியா பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, தெருவில் பார்ப்பதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரே தாள் எல்லாவற்றையும் காட்டும் என்று எங்கோ படித்துவிட்டு வருகிறார்கள். எது நடக்கும், எது நடக்காது என்று முதலிலேயே சொல்லிவிட நினைக்கிறேன். பாதி வழியில் "இது வராது" என்றால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

எங்களிடம் யூவி-விசிபிள் கருவி (கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பது) இருக்கிறது, ராமன் கருவி கிடையாது. இதில் வேலை செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.


ஒளிச்சிதறல்

டீச்சர், நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். இப்போது வெளியூரில் இதே துறையில் ஆராய்ச்சி செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பிள்ளைகளும் படிக்கட்டும்.

ஒரு பொருள் மேல் லேசரை அடித்தால் சிதறும் ஒளியில் கிட்டத்தட்ட எல்லாமே போன நிறத்திலேயே திரும்பி வரும். ஏறக்குறைய கோடியில் ஒரு ஒளித்துகள்தான் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வருகிறது. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது அதைத்தான். இருவருமே நம்ம பக்கத்துக்காரர்கள். ராமன் திருச்சியில் பிறந்து இங்கே மாநிலக் கல்லூரியில் படித்தவர், கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். எவ்வளவு நிறம் மாறியது என்பதை அலைஎண்ணில் அளந்தால், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனிக் கோடுகள் வரும். குழப்பமில்லாமல் அடையாளம் சொல்லலாம். ஆனால் கோடியில் ஒன்று என்பதால் மிகவும் மங்கல். தண்ணீரில் லட்சத்தில் ஒரு பங்கு கரைந்திருக்கும் பொருளைச் சாதாரண ராமனில் பார்ப்பதே கஷ்டம்.

1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிளீஷ்மன், ஹெண்ட்ரா, மெக்வில்லன் மூவரும் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் பிரிடின் ஒட்டியிருந்தபோது எதிர்பாராத அளவு பலமான ராமன் கோடுகளைப் பார்த்தார்கள். பரப்பு பெரிதாகி அதிக மூலக்கூறுகள் ஒட்டியதால் வந்தது என்றுதான் அப்போது நினைத்தார்கள். 1977இல் ழான்மேர், வான் டைன் ஒரு பக்கமும், ஆல்பிரெக்ட், கிரெய்ட்டன் இன்னொரு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த விளக்கம் போதாது என்று தெரிந்தது. ஒவ்வொரு மூலக்கூறின் சிதறலுமே லட்சம், பத்து லட்சம் மடங்கு கூடியிருந்தது.

காரணம் உலோகத்தில் இருக்கிறது. வெள்ளி, தங்கத் துகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருந்தால், அதில் தளர்வாக இருக்கும் எலெக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடும். சரியான நிறம் கிடைத்தால் இந்த ஆட்டம் உச்சத்துக்குப் போய், துகளை ஒட்டிய இடத்தில் மின்புலம் பல மடங்காகும். இரண்டு துகள்களுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் இடைவெளி இருந்தால் அங்கே இன்னும் அதிகம். காசிமேட்டில் தூண்டில் வளைவுக் கற்களின் இடுக்கில் நுழையும் அலை எகிறி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. உள்ளே வரும் ஒளியும் பெருகுகிறது, மூலக்கூறு வெளியே அனுப்பும் ஒளியும் பெருகுகிறது. அதனால் ராமன் பலம் மின்புலத்தின் நான்காம் அடுக்கில் கூடும். மின்புலம் 10 மடங்கானால் சிதறல் பத்தாயிரம் மடங்கு, 100 மடங்கானால் பத்து கோடி மடங்கு. 1997இல் நை, எமோரி ஒரு குழுவாகவும் நைப் குழு தனியாகவும் ஒற்றை மூலக்கூறையே பார்த்துவிட்டார்கள். நை குழு எடுத்த சாயம் ரோடமின் 6ஜி, பஞ்சுமிட்டாய்ச் சர்ச்சையில் வந்த ரோடமின் பி-யின் நெருங்கிய உறவு.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பரப்பைவிட்டு விலக விலக இந்தப் பெருக்கம் செங்குத்தாகச் சரியும். சில நானோமீட்டர் தள்ளி நின்றாலே பெரும்பகுதி போய்விடும். ஆகவே மூலக்கூறு உலோகத்தில் வந்து ஒட்ட வேண்டும். ஒட்டாத பொருளுக்கு எவ்வளவு நல்ல பூச்சு போட்டும் பயனில்லை. பிள்ளைகள் எதைப் பிடிக்கப் போகிறோம் என்று யோசிப்பதற்கு முன்னால், அது வெள்ளியில் ஒட்டுமா என்று கேட்கட்டும். பட்டியலில் பாதி அங்கேயே அடிபட்டுவிடும்.


காசிமேடு பையன்

அண்ணா, அப்படியென்றால் பார்மலின் ஒட்டுமா? எங்கள் வீட்டில் மீன் வியாபாரம். 2018இல் பார்மலின் பேச்சு கிளம்பியபோது எங்கள் வியாபாரம் அப்படியே படுத்துவிட்டது. கரையில் அன்றைக்கே இறங்கிய மீனைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அதனால் கேட்கிறேன், நேரடியாகச் சொல்லுங்கள்.


ஒளிச்சிதறல்

ஒட்டாது தம்பி. பார்மலின் என்பது தண்ணீரில் கரைத்த பார்மால்டிஹைடு. அது மிகச் சின்ன மூலக்கூறு, ராமன் சிதறலும் பலவீனம், வெள்ளியைப் பிடித்துக்கொள்ள அதற்குக் கை இல்லை. தண்ணீரில் கரைந்ததும் நீரோடு சேர்ந்து வேறு உருவத்துக்கும் மாறிவிடும். வேறொரு வேதிப்பொருளோடு வினைபுரியவிட்டு, அதில் உண்டாகும் பெரிய மூலக்கூறைத்தான் செர்ஸில் பார்க்க முடியும். ஆனால் அந்த வினை நடக்கும்போதே நிறம் மாறும் என்றால், அந்த நிறத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாமே. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் கொண்டுவந்த தாள் கிட் அந்த வழிதான். உன் வீட்டுக்கு அதுவே சரியான கருவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடல் மீன் சதையில் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. மீன் செத்த பிறகு, ஐஸில் வைத்திருந்தால்கூட, அது உடைந்து கொஞ்சம் பார்மால்டிஹைடு தானாகவே உண்டாகும். சில வகை மீன்களில் அதிகமாகவே உண்டாகும். அதனால் "இருக்கிறது" என்று ஒரு சோதனை சொன்னால் மட்டும் போதாது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. இது தெரியாமல் கையில் ஒரு நுட்பமான கருவியைக் கொடுத்தால் அப்பாவி வியாபாரிதான் மாட்டுவார்.


காசிமேடு பையன்

இதை அம்மாவிடம் படித்துக் காட்டுகிறேன். நன்றி அண்ணா.


எண்ணூர் கழிமுகம்

நான் முகத்துவாரக்குப்பத்துப் பக்கம். டீச்சர் மாணவர்கள் கேட்டதை நானும் கேட்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் இறங்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுவிட முடியாமல் ஓடினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் பல வருடமாகக் கொசஸ்தலையாற்றில் படிகிறது. எங்களுக்கு வேண்டியது பஞ்சுமிட்டாய்ச் சாயம் இல்லை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று நாங்களே பார்த்துச் சொல்லும் வழி வேண்டும். இந்தப் பூச்சு அதற்கு உதவுமா?


மணலி கெமிஸ்ட்

நான் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நீண்ட காலம் இருந்தவன். ஒளிச்சிதறல் தம்பி சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை. அமோனியாவுக்கு மின்வேதி சென்சார் இருக்கிறது. சின்னது, கைக்கடக்கமானது, காற்றை நேராக அளக்கும், ஒலி எழுப்பும். உயிர் போகிற விஷயத்துக்கு அதுதான் வேண்டும். தாளை நீட்டி லேசர் அடித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சாம்பலில் வரும் ஈயம், பாதரசம், ஆர்செனிக் எல்லாவற்றுக்கும் அணு உறிஞ்சல் கருவி இருக்கிறது, அதைவிட நுட்பமான நிறை நிறமாலைக் கருவிகளும் இருக்கின்றன. புதிய நுட்பம் என்பதற்காகப் பழைய, நம்பகமான கருவியைத் தள்ளிவிடக் கூடாது.


ஒளிச்சிதறல்

சார் சொல்வது சரி. எண்ணூர் அண்ணே, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ராமன் பார்ப்பது அணுக்களுக்கு இடையிலான பிணைப்பின் அதிர்வை. தனி ஈய அயனி, தனிப் பாதரச அயனி இவற்றுக்குப் பிணைப்பே இல்லை, ஆகவே கோடும் இல்லை. பாதரசத்தைப் பிடிக்கும் வேறொரு மூலக்கூறை வெள்ளியில் முன்கூட்டியே ஒட்டி வைத்து, பாதரசம் வந்ததும் அதன் கோடு மாறுகிறதா என்று பார்க்கும் ஆய்வுக் கட்டுரைகள் நிறைய உண்டு. ஆய்வகத் தண்ணீரில் அழகாக வரும்.

உங்கள் தண்ணீரில்தான் சிக்கல். வெள்ளிக் கூழ்மத்தில், அதாவது வெள்ளி நானோ துகள் மிதக்கும் நீரில், துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, ஏனென்றால் எல்லாவற்றின் மேலும், செய்யும்போது சேர்க்கும் சிட்ரேட்டின் எதிர்மின் சுமை இருக்கிறது. கொஞ்சம் உப்பு போட்டால் அந்தத் தள்ளல் குறைந்து துகள்கள் கூட்டம் கூடும், இடுக்குகள் உண்டாகும், சிதறல் பெருகும். அதற்காக நாங்களே லிட்டருக்கு 10 மில்லிமோல் அளவில் சாதாரண உப்பைச் சேர்ப்போம். கடல்நீரில் அதைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல் குளோரைடு இருக்கிறது. கழிமுகத்தில் ஓதத்துக்கு ஏற்ப அது மணிக்கு மணி மாறும். துகள்கள் கட்டிதட்டி அடியில் உட்கார்ந்துவிடும். காலையில் எடுத்த தண்ணீரும் மாலையில் எடுத்ததும் ஒரே அளவு ரசாயனம் வைத்திருந்தாலும் வேறு வேறு எண் காட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு அதிகாரியிடம் போனால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் அதைத் தள்ளிவிடும். உங்கள் போராட்டத்துக்கு அது கெடுதல்.

எண்ணெயில் இருக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் வெள்ளியை நாடுவதில்லை. பரப்பின் மேல் கொழுப்புத் தன்மையுள்ள ஒரு மெல்லிய அடுக்கை ஒட்டி அவற்றை உள்ளே இழுக்கும் முறை இருக்கிறது. நான் அதைக் கல்லூரி ப்ராஜெக்டாகச் செய்யச் சொல்லமாட்டேன். ஆராய்ச்சிப் படிப்பில் செய்ய வேண்டிய வேலை.

உங்களுக்கு உதவாது என்று சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் தவறான கருவியில் உங்கள் உழைப்பு வீணாவதை நான் விரும்பவில்லை.


எண்ணூர் கழிமுகம்

நேராகச் சொன்னதற்கு நன்றி தம்பி. அரசு ஆய்வகத்தில் கொடுப்பதற்குத் தண்ணீரை எப்படி எடுக்க வேண்டும், எந்த பாட்டிலில் வைக்க வேண்டும் என்று மணலி சார் தனி இழை தொடங்கினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறேன்.


மணலி கெமிஸ்ட்

கண்டிப்பாகத் தொடங்குகிறேன். உலோகத்துக்கு ஒரு பாட்டில், எண்ணெய்க்கு இன்னொரு பாட்டில். உலோகத்துக்கு நைட்ரிக் அமிலத்தில் அலசிய பிளாஸ்டிக், எண்ணெய்க்குக் கண்ணாடி. அமிலம் சேர்ப்பது, ஐஸில் வைப்பது எல்லாம் அங்கே விரிவாகப் பேசுவோம்.

இங்கே டீச்சருக்கு என் சந்தேகம் ஒன்று. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது ரோடமின் பி-யால்தான். அந்தச் சாயம் புறஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும். தாள் நிறப்பிரிகை (பேப்பர் குரோமட்டோகிராபி) முறையில் ஒரு ஓரத்தில் சுத்தமான ரோடமினும் பக்கத்தில் மிட்டாய்க் கரைசலும் வைத்து ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிள்ளைகள் எதற்கு வெள்ளி நைட்ரேட் வாங்க வேண்டும்?


வண்ணாரப்பேட்டை டீச்சர்

சார், நிறப்பிரிகையை நாங்கள் கட்டாயம் கூடவே செய்வோம். ஆனால் அனுமதிக்கப்பட்ட எரித்ரோசினும் சிவப்பு, அதுவும் ஒளிரும். புறஊதா விளக்கை மட்டும் நம்ப முடியாது. தாளில் ஏறிய உயரமும் சர்க்கரை அதிகமானால் கொஞ்சம் மாறுகிறது.

தம்பி எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது, சரிதானா என்று பாருங்கள். சிட்ரேட் வெள்ளியின் மேல் எதிர்மின் சுமை. அப்படியானால் நேர்மின் மூலக்கூறு ஓடிவந்து ஒட்டும், எதிர்மின் மூலக்கூறு தள்ளப்படும். நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த செயற்கைச் சாயம் எட்டு. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர், எரித்ரோசின், இண்டிகோ கார்மின், பிரில்லியண்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன். எட்டுமே அமில வகை, எதிர்மின் சுமை உள்ளவை. துணிச்சாயமாக இருந்து உணவுக்குள் நுழைகிற மாலகைட் கிரீன், ஆரமின், அமிலக் கரைசலில் ரோடமின் பி, இவை நேர்மின். அப்படியென்றால் இந்தத் தாள் சட்டப்படியான சாயத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, கூடாத சாயத்தைத்தானே இழுக்கும்?


ஒளிச்சிதறல்

ஆமாம் டீச்சர்! இதைத்தான் ப்ராஜெக்டாகச் செய்ய வேண்டும். எட்டுச் சாயத்தையும் மூன்று நான்கு கூடாத சாயங்களையும் ஒரே செறிவில் எடுத்து, ஒரே தாளில், ஒரே லேசரில் வைத்து எது எவ்வளவு தெரிகிறது என்று அளந்தாலே பிள்ளைகளுக்கு முழு ஆண்டு வேலை இருக்கிறது. சாயங்களுக்கு இன்னொரு கூடுதல் பலமும் உண்டு. லேசரின் நிறத்தைச் சாயமே உறிஞ்சினால் ராமன் இன்னும் நூறு, ஆயிரம் மடங்கு ஏறும். ரோடமினுக்குப் பச்சை லேசர் 532 நானோமீட்டர். மாலகைட் கிரீனுக்குச் சிவப்பு 633. அதோடு, உலோகத்தை ஒட்டியிருக்கும் சாயத்தின் ஒளிர்வை உலோகமே அடக்கிவிடும். இல்லாவிட்டால் ரோடமினின் ஒளிர்வில் ராமன் கோடு முழுகிப்போயிருக்கும்.

ரோடமினுக்கு அலைஎண் 1650 பக்கத்திலும் 1510 பக்கத்திலும் கோடு பாருங்கள். மாலகைட் கிரீனுக்கு 1617, 1170 பக்கம்.


மணலி கெமிஸ்ட்

நல்ல யோசனை டீச்சர். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, பிள்ளைகள் அதை அறிக்கையில் எழுத வேண்டும். மஞ்சள் தூளிலும் பருப்பிலும் போடும் மெட்டானில் யெல்லோ கூடாத சாயம், ஆனால் எதிர்மின். உங்கள் தாள் அதைத் தவறவிடும். அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு ஊதா கலந்த சிவப்பு வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையே போதும். "தாளில் ஒன்றும் தெரியவில்லை" என்பதும் "கலப்படம் இல்லை" என்பதும் ஒன்றில்லை.

மீனில் மாலகைட் கிரீன் பார்க்க ஆசைப்பட்டால் இன்னொரு விஷயம். வளர்ப்புக் குளங்களில் பூஞ்சை நோய்க்கு அதைப் போடுவார்கள், தடை இருந்தும். மீனின் உடம்புக்குள் போனதும் அது நிறமில்லாத லூக்கோ வடிவமாக மாறிக் கொழுப்பில் தங்கிவிடும். அதைத் திரும்ப ஆக்சிஜனேற்றம் செய்தால்தான் சாயம் தெரியும். முதல் ஆண்டில் மீனைத் தொடாதீர்கள். பச்சைப் பட்டாணியில் மேலே பூசியிருந்தால் பஞ்சில் துடைத்தாலே வரும், அங்கே தொடங்குங்கள்.


மூன்றாம் வருடம்

டீச்சர் வகுப்பு மாணவி நான். தாளை நாங்களே செய்ய முடியுமா? வாங்கினால் விலை அதிகமாகத் தெரிகிறது.


ஒளிச்சிதறல்

நீங்களே செய்யுங்கள் தங்கச்சி. லீ, மைசல் என்ற இருவர் 1982இல் கொடுத்த முறை: 90 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட்டை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, ஒரு சதவீத சோடியம் சிட்ரேட் கரைசல் 10 மில்லி சேர்த்து, நன்றாகக் கலக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். சாம்பல் கலந்த மஞ்சள் பச்சையாக வரும். உங்கள் யூவி கருவியில் 400 முதல் 420 நானோமீட்டர் பக்கம் மேடு தெரியும். மேடு அகலமாக, தட்டையாக இருந்தால் துகள் அளவு தாறுமாறாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் இரட்டைக் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும். மெட்ரோ வாட்டரில் சில்வர் நைட்ரேட் போட்டால் பால் மாதிரி கலங்கும், குளோரைடு. கேன் தண்ணீரும் வேண்டாம். கண்ணாடிப் பாத்திரத்தை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். முழு வேலையும் இந்தக் கழுவலில்தான் நிற்கிறது.

வடிதாளைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கூழ்மத்தில் ஒரு இரவு ஊறவைத்து, எடுத்து நிழலில் உலர்த்தலாம். சொட்டு விட்டு உலர்த்தினால் ஓரத்தில் வளையமாகத் துகள் சேர்ந்துவிடும், நடுவில் ஒன்று ஓரத்தில் ஒன்று என்று எண் மாறும். ஊறவைத்தால் அந்தத் தொல்லை குறைவு. 2010இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் வெள்ளித் துகளை இங்க்ஜெட் பிரிண்டரில் மையாக ஊற்றித் தாளில் அச்சடித்தே செர்ஸ் எடுத்தார்கள். தாளின் கீழே அலுமினியத் தகடு வையுங்கள், மேசையிலிருந்து வரும் வேண்டாத ஒளிர்வு குறையும்.

ஒவ்வொரு தாளிலும் ஐந்தாறு இடத்திலாவது அளந்து சராசரியையும், எண்கள் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதையும் எழுதுங்கள். இருபது சதவீத வேறுபாடு இந்தத் துறையில் சாதாரணம். அழகான ஒரே ஒரு கோட்டை மட்டும் எடுத்துக் காட்டும் பழக்கம் எங்கள் துறையில் இருக்கிறது, எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. உங்களுக்கு அந்தப் பழக்கம் ஆரம்பத்திலேயே வரக் கூடாது.


சௌகார்பேட்டை வெள்ளி

எனக்கு ராமன் தெரியாது, வெள்ளி தெரியும். பட்டறை வைத்திருக்கிறேன். கொடுங்கையூர், மணலி, எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் கொலுசும் அரைஞாணும் மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் கருத்துவிடுகின்றன என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கட்டி வெள்ளியே இப்படியென்றால், தூசியைவிடச் சின்னதாக இருக்கும் உங்கள் வெள்ளி எத்தனை நாள் தாங்கும்?


ஒளிச்சிதறல்

மிக நல்ல கேள்வி அண்ணே. சாக்கடை, குப்பைமேடு, எண்ணெய் சுத்திகரிப்பு எல்லாவற்றிலிருந்தும் வரும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைச் சல்பைடாக்கிவிடும். நானோ துகளுக்குப் பரப்பு அதிகம், அதனால் இன்னும் வேகம். சல்பைடு மூடிய இடத்தில் வேறு மூலக்கூறு ஒட்ட இடமில்லை. தாளைச் செய்த கையோடு காற்றுப் புகாத கவரில் சிலிக்கா ஜெல்லோடு மூடி, சில நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரு தாளில் தெரிந்த செறிவு ரோடமின் விட்டுப் பார்த்தால் எவ்வளவு பலம் குறைந்தது என்று தெரியும். அந்த வரைபடத்தையும் அறிக்கையில் போடுங்கள் டீச்சர். கொடுங்கையூர்க் காற்றில் திறந்து வைத்த தாள், மூடி வைத்த தாள் என்று ஒப்பிட்டால் நம்ம ஊருக்கே உரிய தகவல் கிடைக்கும்.

தங்கம் கருக்காது, 785 நானோமீட்டர் லேசருக்கும் பொருத்தம். ஆனால் பச்சை லேசரில் வெள்ளி அளவுக்குப் பெருக்காது.


சௌகார்பேட்டை வெள்ளி

நாங்கள் வெள்ளியோடு வைக்கும் கருக்காத காகிதம் தருகிறேன். அதையும் ஒரு கவரில் போட்டுப் பாருங்கள்.


வண்ணாரப்பேட்டை டீச்சர்

அண்ணா, ரொம்ப நன்றி, கட்டாயம் வாங்கிக்கொள்கிறேன்.

கருவிக்கு என்ன வழி? ஐ.ஐ.டி.யில் வெளியாருக்கும் மாதிரி எடுத்துத் தரும் மையம் இருக்கிறது, அங்கே இருக்கும் ராமன் கருவி 1064 நானோமீட்டர் லேசர் என்கிறார்கள்.


ஒளிச்சிதறல்

1064இல் சாயத்தின் கூடுதல் பலம் கிடைக்காது. 532 அல்லது 785 உள்ள ஆய்வகம் பாருங்கள், சென்னையில் பல இயற்பியல் துறைகளில் நுண்ணோக்கியோடு சேர்ந்த ராமன் உண்டு. முன்கூட்டியே பேசினால் ஒரு நாள் தருவார்கள். தாளை நீங்கள் செய்து, அளவை மட்டும் அங்கே எடுத்தால் போதும். ஆற்றலைச் சில மில்லிவாட்டுக்கு மேல் ஏற்றவிடாதீர்கள், தாள் பொசுங்கிவிடும்.

ஓப்பன் ராமன் என்று வரைபடங்களோடு இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவித் திட்டமும் இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் கடையில் கிடைக்கும் பச்சை லேசர் பாயிண்டரை வைத்துப் பிள்ளைகள் தாங்களாகவே தொடங்க வேண்டாம். மலிவான பாயிண்டர் பலவற்றில் வடிகட்டி இல்லாமல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து வெளியே வரும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் அந்த மேசைக்குப் போகக் கூடாது.


காசிமேடு பையன்

டீச்சர், ஒரு வேண்டுகோள். பட்டாணி விற்கிற பாட்டி, மிட்டாய் விற்கிற தாத்தா யாருடைய பேரும் படமும் அறிக்கையில் வரக் கூடாது. அவர்கள் மொத்தக் கடையில் வாங்கித்தான் விற்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் வாழ்க்கை போய்விடக் கூடாது.


வண்ணாரப்பேட்டை டீச்சர்

நிச்சயமாக வராது தம்பி, வார்த்தை தருகிறேன். மாதிரியை விலை கொடுத்து வாங்குவோம், எண் மட்டும் போட்டு வைப்போம். எங்கள் தாளில் கோடு தெரிந்தால் அதைக் குற்றச்சாட்டாக வெளியே சொல்ல மாட்டோம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவில், வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்க வழி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்த வழியில் கிண்டி ஆய்வகத்துக்குப் போகும். எங்கள் தாள் எதைக் கிண்டிக்கு அனுப்புவது என்று சொல்வதற்குத்தான்.

முடிவாகப் பிள்ளைகளிடம் சொல்லப் போவது இது. பார்மலின், அமோனியா, எண்ணெய், ஈயம் நம் தாளுக்கு வேண்டாம், ஏன் வேண்டாம் என்பதையும் ஒரு அத்தியாயமாக எழுதுங்கள். எட்டு அனுமதித்த சாயம், கூடவே ரோடமின் பி, மாலகைட் கிரீன், ஆரமின், மெட்டானில் யெல்லோ. வெள்ளித் தாள், பக்கத்திலேயே நிறப்பிரிகைத் தாள். முதல் மாதிரி பச்சைப் பட்டாணி. சாயம் போடாத பட்டாணியும் வேண்டும், அதைத் தோலோடு வாங்கி நாங்களே உரித்துக்கொள்வோம்.

எப்போது தொடங்குவது என்று வகுப்பில் சொல்கிறேன்.


மூன்றாம் வருடம்

டீச்சர், வெள்ளிக் கண்ணாடி வினையில் தாள் மேல் வெள்ளி படியவைத்தால் கூழ்மம் தேவையில்லையே? பன்னிரண்டாம் வகுப்பில் டாலன்ஸ் செய்திருக்கிறோம்.


வண்ணாரப்பேட்டை டீச்சர்

செய்யலாம், அப்படியும் தீவு தீவாக வெள்ளி படியும், அதுவும் செர்ஸ் தரும். ஆனால் டாலன்ஸ் கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து அன்றைக்கே அமிலம் சேர்த்து அழித்துவிட வேண்டும். மிஞ்சியதை மூடி வைத்தால் வெடிக்கக்கூடிய வெள்ளி நைட்ரைடு உண்டாகும். நான் பக்கத்தில் இல்லாமல் யாரும் செய்ய வேண்டாம் அம்மா. முதலில் கூழ்மம், அது சரியாக வந்த பிறகு இது.


சௌகார்பேட்டை வெள்ளி

கூழ்மக் கழிவைச் சிங்கில் ஊற்றாதீர்கள் டீச்சர். நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உப்புப் போட்டால் வெள்ளையாக அடியில் உட்காரும். அந்த வண்டலைப் பழுப்பு பாட்டிலில் சேர்த்து வையுங்கள், நிரம்பியதும் பட்டறைக்கு அனுப்புங்கள். வெள்ளியாக மீட்டுத் தருகிறேன், அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு உதவும். டாலன்ஸ் மிச்சம் மட்டும் அதில் கலக்க வேண்டாம்.